செட்டு மாத்திரையும் கிருபை அக்காவின் கையும்

கிருபை அக்கா ஆட்களை அடிப்பார். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால், மருந்துக்கடை நடத்துகிற, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிற ஒரு அம்மாவைப் பற்றிய கதை என்று நீங்கள் பாட்டுக்குச் சாய்ந்து உட்கார்ந்துவிடுவீர்கள்.

முழுப்பெயர் தேவகிருபை. வள்ளூரில், அனல்மின் நிலையத்துக்குப் போகிற சாலையில் மெடிக்கல் வைத்திருக்கிறார். பக்கத்துக் கடை என்னுடையது, செல்போன் ரிப்பேர். என் பெயர் தமீம். இரண்டு கடைக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் எதையாவது போட்டு உடைக்கிற சத்தம் கேட்டால் பதறிக்கொண்டு ஓடுவதை நான் விட்டுப் பல வருடம் ஆகிறது. எவனோ காலாவதியான டானிக் கொண்டுவந்து மாட்டிக்கொண்டான் என்று நினைத்துக்கொண்டு என் வேலையைப் பார்ப்பேன்.

ஜெரி என்று ஒருவன், மொத்த மருந்துக் கம்பெனியின் சரக்கு கொண்டுவருகிறவன். ஒருநாள் உச்சிவெயிலில் திருவொற்றியூரிலிருந்து பைக்கில் இன்சுலின் பெட்டி கொண்டுவந்தான். பையில் வைத்த ஐஸ் தண்ணீராகிப் போயிருந்தது. அக்கா பெட்டியை வாங்கிக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

“இது என்னல, வடையா? சுடச்சுடக் கொண்டாந்திருக்க.”

“எண்ணூர்ல டிரெய்லர் மாட்டிகிச்சிக்கா. இன்னா இப்போ, பிரிட்ஜில வச்சா திரும்பக் கூலாயிடப் போவுது.”

இந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லாமல் இருந்திருந்தால் ஜெரி தப்பித்திருப்பான். பெட்டி அவன் ஹெல்மெட்டில் போய் விழுந்தது. ஹெல்மெட்டைக் கழற்றாமல் இருந்தது அவன் அம்மா செய்த புண்ணியம். அப்படியும் அக்கா விடவில்லை. தெருவில் இறங்கி, உருண்டு கிடந்த குப்பிகளை ஒவ்வொன்றாக மிதித்து நசுக்கினார். விட்டால் இவன் அடுத்த கடையில் கொண்டுபோய்த் தள்ளிவிடுவான் என்று தெரியும். செருப்பைத் தாண்டிக் கண்ணாடிச் சில் காலில் ஏறியதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

“கெட்டுப்போன இன்சுலினும் பாக்கதுக்கு நல்லாத்தான் இருக்கும். குத்திக்கிறவனுக்கு என்னல தெரியும்? மருந்து போட்டாச்சுன்னு நம்பிட்டே கெடந்து சாவான்.”

அதுதான் அக்கா. எங்கள் ஊரில் கடை திறந்ததும் எல்லாச் சாமானின் மேலும் மெல்லிசாகச் சாம்பல் படிந்திருக்கும். அக்கா ஒவ்வொரு மருந்துப் பெட்டியையும் துணியால் துடைத்த பிறகுதான் முதல் வியாபாரம். அட்டையை வெட்டும்போது தேதி அச்சடித்த ஓரத்தைக் கடைசிவரை தொட மாட்டார். டாக்டர் சீட்டில்லாமல் தூக்க மாத்திரை கேட்டால் அறை. பாதி அட்டையைத் திருப்பிக் கொண்டுவந்து வேறு மாற்றிக் கேட்டால் திட்டு, கூடவே அறை. கடையில் ஊசி போடுவது என்ற பேச்சே கிடையாது. நர்சு வேலை நர்சு பார்க்கட்டும் என்பார். கெஞ்சிக் கேட்ட ஒரு லாரி டிரைவரை ஷட்டர் கம்பியால் விரட்டியதை நானே பார்த்தேன்.

அக்காவுக்குச் சொந்த ஊர் தெற்கே, நாசரேத் பக்கம். பார்மசி டிப்ளமோ படித்தவர். கணவர் ராசையா அண்ணனின் சொந்தக்காரர்கள் எல்லாம் ராயபுரத்தில் மளிகை மொத்த வியாபாரம். மளிகையில் போட்டி அதிகம், மருந்தில் அவ்வளவு இல்லை என்று யோசித்து, படித்த பெண்ணாகப் பார்த்துக் கட்டி, அவர் சர்டிபிகேட்டைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டிக் கடை திறந்தார் அண்ணன். சர்டிபிகேட்டின் சொந்தக்காரியும் கூடவே வந்து கடையில் உட்காருவார் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

ராசையா அண்ணன் கெட்டவர் இல்லை. அதுதான் அவரிடம் இருந்த பெரிய தொல்லை. யாரையும் வெறுங்கையோடு அனுப்ப அவருக்கு மனசு வராது. துவரம்பருப்பு இல்லை என்றால் பாசிப்பருப்பைக் கட்டிக் கொடுக்கிற மளிகைக்காரப் புத்தி. அந்தப் புத்தியோடு மருந்து விற்றார்.

அக்கா வீட்டில் சமையலை முடித்து வருவதற்குள் காலை ஷிப்டுக்குப் போகிற கூட்டம் வந்துவிடும். அந்த நேரத்துக்குக் கடை அண்ணனுடையது. அப்போது அவர் விற்றது செட்டு மாத்திரை. வடசென்னையில் இதைத் தெரியாதவர் கிடையாது. உடம்பு வலி, அசதி, காய்ச்சல் என்று வந்தால் அட்டையிலிருந்து உதிர்த்த மாத்திரை நாலைந்தைச் சின்னக் காகிதக் கவரில் போட்டு மடித்துக் கொடுப்பது. கவரில் பெயர் இருக்காது, தேதி இருக்காது. உள்ளே என்னவென்று கொடுத்தவருக்கு மட்டும்தான் தெரியும். ஒரு டீ, ஒரு பன்னு, ஒரு செட்டு. எங்கள் பக்கத்தில் ஒப்பந்த வேலைக்குப் போகிற பாதிப் பேருக்கு அதுதான் நாஷ்டா.

அக்காவுக்கு இது அரைகுறையாகத் தெரியும். கேட்டால், “காய்ச்ச மாத்திரையும் சத்து மாத்திரையும்தான் தேவகிருபை, வேற ஒண்ணுமில்ல” என்று பைபிளின் மேல் கைவைத்துச் சொல்வார் அண்ணன். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அக்கா புருஷனை நம்பினார். ஏன் நம்பினார் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. ஜெரியை நம்பாதவர்.

அண்ணனிடம் தினமும் செட்டு வாங்கியவர்களில் அசோகனும் ஒருவன். வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் வளர்ந்தவன். பாக்சிங்கில் கப்பெல்லாம் வாங்கியவன். பிறகு காட்டுப்பள்ளிப் பக்கம் கன்டெய்னர் யார்டில் மூட்டை தூக்கும் வேலை கிடைத்து, அம்மா தாயம்மாவோடு வள்ளூருக்குக் குடிவந்தான். தாயம்மா கட்டட வேலையில் சித்தாள். மகனை ஒற்றை ஆளாக வளர்த்தவர். அசோகனுக்கு ரிங்கில் அடிவாங்கிய தோள்பட்டை எப்போதும் வலிக்கும். செட்டு போட்டால் வலி ஓடிப்போகும், பசி எடுக்கும், வேலையில் அசதியே தெரியாது. இரண்டு வருடத்தில் அவன் முகம் உருண்டு திரண்டு பளபளவென்று ஆகிவிட்டது. தாயம்மாவுக்கு அதில் அவ்வளவு பெருமை.

“பாத்தியா பாய், எம் புள்ள இப்பதான் பணக்கார வூட்டுப் புள்ள மாதிரி கீறான்” என்று என்னிடமே சொல்லியிருக்கிறார். நானும் ஆமாம் என்றேன். நன்றாகத் தேறிவிட்டான் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

ஒருநாள் அக்கா வழக்கத்தைவிடச் சீக்கிரம் கடைக்கு வந்தார். அசோகன் கவரை வாங்கிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தான். வெயில் அவன் முகத்தில் நேராக விழுந்தது. அக்கா அவனை நிறுத்தி, முகத்தைப் பார்த்தார். பிடரியில் சதை மேடு கட்டியிருந்ததைப் பார்த்தார். கையில் அங்கங்கே கன்றிப்போயிருந்ததைப் பார்த்தார். கவரைப் பிடுங்கி உள்ளங்கையில் கொட்டினார். அதில் பொடிசாக வெள்ளையாக ஒன்று கிடந்தது.

அடுத்து நடந்ததைத் தெருவே பார்த்தது. அண்ணன் செட்டுக்கான மாத்திரைகளை உதிர்த்து ஒரு மிக்சர் டப்பாவில் போட்டு மேஜைக்கு அடியில் வைத்திருப்பார். அக்கா அதை இழுத்து அவர் தலையில் போட்டார். தகர மூடி நெற்றியைக் கிழித்து ரத்தம் மூக்கு வழியாக இறங்கியது. “சத்து மாத்திரையா இது? சத்து மாத்திரையா?” என்று கேட்டுக்கேட்டு அடித்தார். பக்கெட்டில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து டப்பாவைக் கவிழ்த்து, ஷட்டர் கம்பியால் கூழாகும்வரை இடித்தார். அண்ணன் ஒரு மூலையில் உட்கார்ந்து வேட்டியால் நெற்றியைப் பொத்திக்கொண்டிருந்தார்.

“இனிமே இந்தக் கடையில செட்டு கெடையாது. எவனுக்கும் கெடையாது. ஏல அசோகா, நீ நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போ.”

“இன்னாத்துக்குக்கா? நான் நல்லாதானே கீறேன்?”

“போன்னா போல.”

ஏன் என்று சொல்லவில்லை. அந்தப் பொடி மாத்திரை ஸ்டீராய்டு என்று எனக்குப் பிற்பாடுதான் தெரியும். வலியைக் கொல்லும், பசியைக் கிளப்பும், முகத்தை ஊதவைக்கும். தினமும் தின்றால், உடம்பு தானாகச் சுரக்கவேண்டிய ஒன்றைச் சுரக்க மறந்துவிடும். அதற்கப்புறம் ஒரேயடியாக நிறுத்தினால் ஆள் விழுந்துவிடுவான். டாக்டர் பார்த்துப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். இதெல்லாம் படித்தவர் அக்கா. ஆனால் வாய்விட்டுச் சொன்னால் கடை போகும், புருஷன் கம்பி எண்ணுவார். அதனால் ஆஸ்பத்திரிக்குப் போ என்பதை மட்டும் கத்தினார். தினமும் கத்துகிறவர் கத்துவதை எவன் காதில் வாங்குவான்? எனக்கு அக்காவின் மேல் கோபம் வந்தது இந்த ஓர் இடத்தில்தான். அவ்வளவு ரகளை செய்தவர், சொல்லவேண்டிய அந்த ஒரு சொல்லை விழுங்கிவிட்டார்.

செட்டு நின்றதும் தெரு அக்காவுக்கு எதிராகத் திரும்பியது. மற்ற வலி மாத்திரைக்காரர்கள் எல்லாம் அத்திப்பட்டுப் பக்கம் வேறு கடை பார்த்துக்கொண்டார்கள், ஆனால் போகிறபோக்கில் ஷட்டரில் கல் விட்டுப் போனார்கள். கடைப் பலகையை எவனோ உடைத்தான். அண்ணனின் ஸ்கூட்டர் சீட்டைக் கிழித்துச் சாக்கடையில் தள்ளினார்கள். அக்கா கம்பியோடு துரத்தி ஒருத்தன் முழங்காலைப் பெயர்த்தார். ஒவ்வொரு காலையும் சண்டையோடுதான் விடிந்தது. கடை மட்டும் மூடவில்லை.

அசோகன் வேறு கடைக்குப் போகவில்லை. பாக்சிங் ரோஷம், மாத்திரை இல்லாமலே இருந்துகாட்டுகிறேன் என்றானாம். சில நாளிலேயே வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டான். ஒரு சாயங்காலம் தாயம்மா கடைக்கு வந்து தணிந்த குரலில் கேட்டார்.

“கிருபம்மா, புள்ள சோறு துன்ன மாட்றான். எயுந்து நின்னா தல சுத்துதுன்றான். வாந்தி வேற. அந்தச் சத்து மாத்திர ஒண்ணே ஒண்ணு குடும்மா.”

அண்ணனின் கை தானாக மேஜை டிராயருக்குப் போனது. அக்கா அந்தக் கையில் ஓங்கி ஒரு அடி வைத்தார்.

“ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு சொன்னேம்லா? எத்தன தடவ சொல்லணும்?”

“மாத்திர குடுக்க மாட்ட, அதட்ட மட்டும் அதட்டுவ” என்று முணுமுணுத்துக்கொண்டே தாயம்மா போய்விட்டார். அதற்குப் பிறகு அக்காவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. என்னைக் கூப்பிட்டு, பைக்கில் வைத்து அசோகனைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொன்னார். போனேன். பாயில் சுருண்டு கிடந்தவன் என்னைப் பச்சையாகத் திட்டினான். “ஒத்த மாத்திர தர வக்கில்ல, ஆஸ்பத்திரிக்கு வயி சொல்றாளா அவ? போ பாய்” என்றான். எனக்கும் விஷயம் தெரியாததால் இரண்டாம் முறை வற்புறுத்தவில்லை.

மறுநாள் காலையில் அவனே வந்தான். சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்துவந்தான். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. அக்கா அவனைப் பார்த்ததும் எழுந்து, “வா, ஆட்டோ புடிக்கேன், நானே வாரேன்” என்று வெளியே வந்தார்.

“ஆட்டோ வேணா. மாத்திரைய எட்றி.”

“அசோகா, சொன்னாக் கேளு.”

அவன் முஷ்டி மேஜைக் கண்ணாடிக்குள் இறங்கியது. கை மணிக்கட்டு வரை கிழிந்து, உள்ளே அடுக்கியிருந்த அட்டைகளெல்லாம் சிவந்தன. அந்தக் கையாலேயே ராசையா அண்ணனின் காலரைப் பிடித்து இழுத்து முகத்தில் ஒரு குத்து விட்டான். உடம்பில் தெம்பு இல்லாவிட்டாலும் கை பழகின கை. அண்ணனின் பல் உதட்டைக் கிழித்துக்கொண்டு வந்தது. இரண்டாவது குத்துக்கு ஓங்கினான். அக்கா அவன் கன்னத்தில் அறைந்தார்.

அசோகன் அப்படியே மல்லாந்து விழுந்தான்.

டீக்கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பாக்சரை மெடிக்கல்காரம்மா ஒரே அடியில் சாய்த்துவிட்டது என்று ஒருத்தன் விசிலடித்தான். அசோகன் எழுந்திருக்கவில்லை. வாயோரம் வாந்தி வழிந்தது. கண் மேலே செருகியிருந்தது. அக்கா குனிந்து நாடி பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

“தமீமு, நூத்தியெட்டுக்குப் போனப் போடு.”

அதற்குள் சிரிப்பு அடங்கிவிட்டது. “செத்துட்டான்டா, அடிச்சே சாவடிச்சிட்டா” என்று யாரோ சொன்னதுதான் தாமதம், செட்டு கிடைக்காத ஆத்திரம் அத்தனையும் கடைக்குள் நுழைந்தது. அலமாரியைச் சாய்த்தார்கள். சிரப் பாட்டில்கள் உடைந்து தரையெல்லாம் பிசுபிசுத்தது. பிரிட்ஜைக் கவிழ்த்தார்கள். எதிரே கட்டட வேலையிலிருந்த தாயம்மா கையில் மண்வெட்டியோடு ஓடிவந்தார். மகனைப் பார்த்தார். மண்வெட்டியை அண்ணன் காலருகே ஓங்கித் தரையில் போட்டுவிட்டு, அக்காவின் கொண்டையைக் கைகொள்ளப் பற்றித் தலையைச் சுவரில் மோதினார். சுவரில் மாட்டியிருந்த சர்டிபிகேட் கீழே விழுந்து நொறுங்கியது.

“இன்னாடி பண்ண எம் புள்ளய? சொல்றி, இன்னா பண்ண?”

மேஜைக்கு அடியிலிருந்து அண்ணன் குழறினார். “அவனுக்கு வலிப்பு. முன்னாடியே இருந்திருக்கு. எங்களுக்கு ஒண்ணும் தெரியாது.”

பொய்யைப் பிடித்துக்கொண்டால் அக்கா தப்பிக்கலாம். வலிப்பு என்றால் கூட்டம் பாதி கலைந்துவிடும். எனக்கே அந்த நிமிடம் அக்கா ஆமாம் சொல்லிவிட்டால் தேவலை என்றிருந்தது.

“வலிப்பு இல்ல” என்றார் அக்கா. நெற்றியிலிருந்து ரத்தம் கண்ணுக்குள் போக, கண்ணை மூடிக்கொண்டே சொன்னார். “எங்க கடை மாத்திரதான் இவன இப்பிடி ஆக்கிச்சு. செட்டுல இவரு ஸ்டீராய்டு போட்டுக் குடுத்தாரு. தெரிஞ்சதும் நான் படக்குன்னு நிறுத்தினேன். அப்பிடி நிறுத்தக் கூடாது, எனக்குத் தெரியும். ஏன்னும் அவன்கிட்ட சொல்லல. இப்ப அந்த மருந்தே ஊசியாப் போட்டாத்தான் இவன் பொழைப்பான்.”

அடுத்த கணம் அடி மழையாக விழுந்தது. முதுகில், தோளில், வயிற்றில் என்று கிடைத்த இடத்திலெல்லாம் விழுந்தது. நான் உள்ளே புகுந்து தடுத்தேன். என் காதோடு சேர்த்து ஒருத்தன் குத்தினான். இன்றைக்கும் அந்தக் காது சரியாகக் கேட்பதில்லை.

அக்கா தாயம்மாவை மட்டும் பார்த்துச் சொன்னார். “தாயம்மா, மொதல்ல என்னைய ஊசி போட விடு. அப்புறம் அடி. எம்புட்டு வேணும்னாலும் அடி, நான் கைய ஓங்க மாட்டேன்.”

தாயம்மா கொண்டையை விடவில்லை. ஆனால் இழுப்பதை நிறுத்தினார். அக்கா முழங்காலில் தவழ்ந்து, உடைந்த அலமாரிக்குள் கையை விட்டு, ஆஸ்துமாக்காரர்களுக்காக வைத்திருந்த ஊசி மருந்தைத் தேடி எடுத்தார். தூள் மருந்து, தண்ணீர் விட்டுக் கலக்கவேண்டும். அதைக் கலக்கும்போது ஒருத்தன், “விஷ ஊசி போட்டு ஆள முடிக்கப் பாக்குறாடா” என்று கத்திக்கொண்டு ஷட்டர் கம்பியை வீசினான். வலது மணிக்கட்டு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அக்கா அலறவில்லை. குப்பியைக் கீழே விடாமல் மடியில் வாங்கிக்கொண்டார்.

தாயம்மா ஒரு கையில் அக்காவின் முடியைப் பிடித்தபடியே மறு கையால் மண்வெட்டியைத் தூக்கினார். கம்பி வீசியவனின் தோளில் பட்டையாக ஒன்று வைத்தார்.

“எவனாச்சும் கிட்ட வந்தீங்க, மண்ட பொளந்துடும். மொதல்ல எம் புள்ள. அப்பால இவள நான் பாத்துக்கறேன்.”

ஒருவனும் நகரவில்லை. அக்கா இடது கையால் சிரிஞ்சில் மருந்தை ஏற்றினார். கை பழகாததால் இரண்டு தடவை தவறியது. நான் குப்பியைப் பிடித்துக்கொண்டேன். எந்தக் காலத்திலும் கடையில் ஊசி போடாதவர், தலைமுடி இன்னொருத்தர் பிடியில் இருக்க, அசோகனின் தொடையில் குத்தினார். பிறகு அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயிலிருந்த வாந்தியை முந்தானையால் துடைத்தார். அசோகன் உடனே எழுந்து உட்கார்ந்துவிடவில்லை. மூச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

ஆம்புலன்சில் வந்தவரிடம் அக்கா எல்லாம் சொன்னார். மாத்திரையின் பெயர், இரண்டு வருடமாகத் தினமும் தின்றது, எப்போது நின்றது, இப்போது போட்ட ஊசி என்ன, எவ்வளவு என்று தெளிவாகச் சொன்னார். “யாரு குடுத்தது?” என்று அவர் கேட்டார். “நாங்கதான்” என்றார் அக்கா, தெருவுக்கே கேட்கும்படி. தாயம்மா முடியை விட்டுவிட்டு வண்டியில் ஏறினார்.

வண்டி கிளம்பியதும் கூட்டம் மிச்சத்தை முடித்தது. போலீஸ் வந்தபோது கடையில் உடைக்க ஒன்றும் பாக்கி இல்லை. அக்காவின் விலா எலும்பிலும் விரிசல் இருந்தது.

அசோகன் பிழைத்தான். அந்த ஊசி போடாமல் வந்திருந்தால் வழியிலேயே போயிருப்பான் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். மருந்து அதிகாரிகள் வந்தார்கள். அக்கா எதையும் மறைக்காமல் எழுதிக் கொடுத்தார். அண்ணன் மேல் வழக்கு நடக்கிறது. ஜாமீனில் வந்து ராயபுரத்தில் சொந்தக்காரர் வீட்டில் இருக்கிறார், அக்கா அவரோடு பேசுவதில்லை. கடையைக் கொஞ்ச காலம் பூட்டிவைத்திருந்து, பிறகு அக்கா பெயரில் மட்டும் திறக்க அனுமதித்தார்கள். ஆனால் அக்கா திறப்பதற்காக வரவில்லை. காலி செய்ய வந்தார். ஊருக்கே போய்விடுகிறேன், இனி மருந்தைத் தொடமாட்டேன் என்றார். வலது கையில் மாவுக்கட்டு இருந்ததால் நான்தான் மிச்சம் மீதியைப் பெட்டியில் அடுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது தாயம்மா வந்தார். பின்னால் அசோகன், இளைத்துப்போய், வாசலைத் தாண்டாமல் நின்றான்.

“ஊசி போட்டுட்டு அடின்னு சொன்னியே.”

“ஆமா” என்று அக்கா எழுந்து நின்றார்.

தாயம்மா அறைந்தார். செங்கல் தூக்கிய கை அது. அக்கா ஒரு பக்கமாகத் தள்ளாடி மேஜையைப் பிடித்துக்கொண்டார். இன்னொரு அறை. உதடு கிழிந்தது. நான் எழுந்தேன்.

“தமீமு, நீ ஒக்காரு. இது எனக்கும் அவளுக்கும் உள்ள பேச்சு” என்றார் அக்கா.

ஊரையே அடித்தவரின் இடது கை மேஜையின் மேல் அசையாமல் கிடந்தது. தாயம்மா மூன்றாம் முறை ஓங்கினார். ஓங்கிய கை கீழே இறங்கி, இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து மடித்த டாக்டர் சீட்டை எடுத்து மேஜையில் வைத்தது.

“இத்தக் கொஞ்சம் கொஞ்சமாக் கொறைக்கணுமாம். மாசக்கணக்கா ஆவுமாம். ஒரு நாளு வுட்டாலும் பூடுவானாம். நெஜமா?”

“நெஜம்தான். ஒரு நாளும் விடக் கூடாது.”

“பொட்டி கட்டிகினு கீற.”

“ஊருக்குப் போறேன் தாயம்மா.”

“நீ எங்கயும் போவ மாட்ட” என்றார் தாயம்மா. “எனுக்கு எயுத்துத் தெரியாது. எந்தக் கடையில எவன் இன்னாத்த மடிச்சுக் குடுப்பான்னு எனுக்கு இன்னா தெரியும்? அத்தினி பேரு அடிக்கச் சொல்லோ வாயத் தொறந்து நெஜத்த சொன்னவ நீ ஒருத்திதான். எம் புள்ளைக்கி எமனும் நீதான், மருந்தும் நீதான் குடுக்கணும். அவன் இந்த மாத்திரைய வுடற வரிக்கும் இங்கயே குந்திகினு இரு.”

அக்கா அழுதார். அத்தனை அடியிலும் அழாதவர், கிழிந்த உதட்டோடு சத்தம் போட்டு அழுதார். தாயம்மா சமாதானம் எதுவும் சொல்லவில்லை. அழுது முடியட்டும் என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

பிறகு அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு, நான் கட்டிவைத்த பெட்டியை ஒற்றைக் கையால் பிரித்து அட்டையைத் தேடி எடுத்தார். சீட்டோடு ஒத்துப் பார்த்தார். மாத்திரையின் பெயரையும் தேதியையும் உரக்கப் படித்தார். தாயம்மா பெயரைத் திருப்பிச் சொன்னார், தப்பாகச் சொன்னார். அக்கா அதட்டாமல் இன்னொரு தடவை சொன்னார். வாசலில் நின்ற அசோகனும் அதைச் சொல்லிப் பார்த்தான்.